தையலுக்கு விட்ட இரும்பு

ஷாஃப்ட் நான்கு விரல் கூடுதல் நீளமாக இருந்தது.

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த டெய்லர் அதைத் தள்ளிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், தாஜா செய்தும் பார்த்தார். ஒரு முனையை கியர்பாக்ஸில் செருகினால், மறுமுனை பின் ஆக்சிலில் இடித்துக்கொண்டு உள்ளே போகமாட்டேன் என்றது. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கவேண்டிய அந்த இரும்புக் குழாய், இப்போதைக்கு அவர் மூக்கை இடிப்பதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

எங்கே தப்பு நடந்தது என்பது அவருக்கே தெரியும். துணி வெட்டிப் பழகிய கை அது. எதை அளந்தாலும் தையலுக்கென்று கொஞ்சம் விட்டு வெட்டும். வாடிக்கையாளர் நாளைக்குப் பெருத்துவிட்டால் பிரித்துக்கொள்ளட்டும் என்று இன்னும் கொஞ்சம் விடும். கடைசல் பட்டறையில் ஷாஃப்டுக்கு அளவு கொடுத்தபோதும் அந்தப் புத்தி கூடவே போயிருக்கிறது. இரும்புக்குத் தொப்பை விழாது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"என்ன மாப்பிள்ளை, இரும்புக்கும் மடிப்பு விட்டுட்டீங்களா?"

கேட்டது மாமனார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துறைதான் அவரை விட்டதே தவிர, அவர் டேப்பை விடவில்லை. சட்டைப் பையில் அது எப்போதும் இருக்கும். இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் காலையில் உடம்புக்கு நல்லது என்று நடக்கக் கிளம்புகிறவர், மருமகனின் கொட்டகை வரை வந்து, அங்கே கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, உடம்புக்கு நல்லதை அத்தோடு முடித்துக்கொள்வார். அதற்குப் பிறகு வாய்க்கு நல்லது ஆரம்பமாகும்.

எவ்வளவு வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். நான்கு விரல் என்றார் டெய்லர், அடியிலிருந்தபடியே.

"விரல்னா யார் விரல்? அளவைச் சொல்லுங்க."

டெய்லர் அளவைச் சொன்னார். மாமனார் குனிந்து தன் டேப்பாலும் ஒருமுறை அளந்து, இந்த ஜென்மத்தில் இது ஓடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வந்த காரியம் முடிந்த திருப்தி அவர் நடையில் தெரிந்தது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். ரோட்டில் ஓடுகிற வண்டிகளுக்கு ரோடு வேண்டும், இதற்கு வேண்டாம். மேடு, பள்ளம், மணல், சேறு எதுவானாலும் ஏறி இறங்கிப் போகவேண்டும் என்பது திட்டம். உயிரை விட்ட ஒரு காரின் எஞ்சின், கியர்பாக்ஸ். சின்னச் சரக்கு வண்டி ஒன்றின் பின் ஆக்சில். இரும்புக் குழாய்களை வளைத்து அவரே வெல்டிங் செய்த சட்டம். இருக்கைகளை மட்டும் யாரும் குறை சொல்லமுடியாது. இரட்டைத் தையல் போட்டு, ஓரத்தில் பைப்பிங் கரை வைத்துத் தைத்திருந்தார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வண்டி ஓடாததால் யாரும் எழுந்திருக்கவேண்டிய அவசியமும் வரவில்லை.

மனைவிக்கு அந்தக் கொட்டகை வேண்டும். தையல் வேலைகள் குவிந்துகொண்டிருந்தன. இன்னொரு மெஷினும் ஒரு நீள மேசையும் போட்டால்தான் கட்டுப்படியாகும், ஆனால் போட இடமில்லை. தையல் கடைக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் அவள் குனிந்து தைத்துக்கொண்டிருப்பாள், அந்தப் பக்கம் அவர் இரும்பைத் தட்டிக்கொண்டிருப்பார். தட்டும் சத்தத்தில் அவள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் பலமுறை பல்லைக் கடித்திருக்கிறாள்.

இந்த விவகாரத்துக்கு ஒரு முடிவு கட்டியவர் மாமனார்தான். மகளையும் மருமகனையும் நிற்கவைத்துப் பஞ்சாயத்து செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டி ஓடவேண்டும். ஓடினால் போதாது, தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் ஏறவேண்டும். ஏறிவிட்டால் கொட்டகை மாப்பிள்ளைக்கு, அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. ஏறாவிட்டால் பழைய இரும்புக்காரர் அன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டு போவார்.

"சும்மா நாளைக் கடத்தக்கூடாது, மாப்பிள்ளை. ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை. எனக்கும் பொறுமைக்கு ஓர் அளவு இருக்கு."

உங்களுக்கு என்ன அவசரம் மாமா என்று டெய்லர் கேட்கவில்லை. மாமனாரிடம் அப்படியெல்லாம் கேட்டு வழக்கமில்லை. சரி என்று தலையாட்டினார். மனைவியும் தலையாட்டினாள். அவள் தலையாட்டியதுதான் அவருக்கு வலித்தது.

காரணம், அந்த வண்டி அவருக்கு விளையாட்டில்லை. அவர் தைத்தவையெல்லாம் மற்றவர்கள் உடம்பில் ஏறி வெளியே போய்விட்டன. அளவு அவர்களுடையது, துணி அவர்களுடையது, பொருந்தாவிட்டால் கோபமும் அவர்களுடையது. தன் அளவுக்கென்று, தன் இஷ்டத்துக்கென்று அவர் செய்துகொண்டது இது ஒன்றுதான். அதைப் பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் வைத்து அனுப்ப அவர் தயாராக இல்லை.

ஷாஃப்டைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசல் பட்டறைக்குப் போனார்.

கடைசல்காரர் லேத் மெஷினைவிடக் குறைவாகப் பேசுகிறவர். சொன்ன அளவில் சொன்ன வேலையைச் செய்வார். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டார். ஒரு வாடிக்கையாளரின் வேலையைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சு விடமாட்டார். அதைத் தொழில் தர்மமாகவே வைத்திருந்தார். டாக்டர்கள்கூட வாய் தவறிச் சொல்லிவிடுவார்கள், இவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. டெய்லர் அளவைச் சொன்னதும் அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தண்ணீர் குடித்தார். ஷாஃப்டை மெஷினில் பூட்டி நான்கு விரலை வெட்டிவிட்டார்.

இந்தமுறை கச்சிதமாக உட்கார்ந்தது. டெய்லர் இரண்டு முனைகளையும் பூட்டி, கையால் சுழற்றிப் பார்த்து, வெளியே வந்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் குனிந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். சந்தோஷத்தோடு வண்டிக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார். வண்டி மெதுவாகத் தரையில் இறங்கியது. ஸ்பிரிங்குகள் அமுங்கின. ஆக்சில் ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தது. ஷாஃப்ட் கியர்பாக்ஸிலிருந்து கழன்று 'டங்' என்று கீழே விழுந்தது.

வண்டியைத் தூக்கிவைத்திருந்தபோது அளவெடுத்திருக்கிறார். நிற்கவைத்து அளவெடுத்த கால்சட்டை, ஆள் உட்காரும்போது என்ன ஆகும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விளக்கிச் சொல்கிறவர் அவர். அந்த விளக்கத்தைத் தனக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

மறுநாள் காலை மாமனார் வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. குட்டையாகப் போனதைக் கேட்டதும் வழக்கமான கிண்டல் வரவில்லை; கோபம்தான் வந்தது.

"இறக்கி வச்சு அளக்கணும்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?"

முன்னாடியே எனக்குத் தெரிந்தால் நான் ஏன் மாமா குட்டையாக வெட்டுகிறேன் என்றார் டெய்லர். மாமனார் அதை ஒத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். ஒட்டுப் போடப்போகிறேன், ஒரு சின்னக் குழாயை முனையில் வைத்து வெல்டிங் செய்துவிட்டால் ஆயிற்று என்றார் டெய்லர். ஒட்டுக் குழாயின் நீளம், கனம், உள் விட்டம் எல்லாவற்றையும் மாமனார் குடைந்து குடைந்து கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு கேள்வி என்று டெய்லருக்கு எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

ஒட்டுப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, துணியில். இரும்பில் ஒட்டு ஒரு மயிரிழை கோணலாக உட்கார்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத கோணல். ஆனால் வேகமாகச் சுற்றுகிற பொருளில் கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும், காலுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் தெருவுக்கே தெரியும்.

வண்டியை மறுபடி கட்டைமேல் ஏற்றி, எஞ்சினைக் கிளப்பி, கியரைப் போட்டார். ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்தது. முதலில் வண்டி நடுங்கியது. பிறகு கொட்டகை. பிறகு கடை. வெட்டுமேசையில் இருந்த குண்டூசிகள் எல்லாம் ஒரே திசையில் ஊர்வலம் போய் விளிம்பிலிருந்து குதித்தன. சுண்ணாம்புக் கட்டிகள் உருண்டன. அளவு பார்க்கும் அறையின் நிலைக்கண்ணாடி தன் ஆணியிலிருந்து கழன்று, மனைவி ஓடிப்போய் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டதால் பிழைத்தது. அவள் கண்ணாடியைப் பிடித்தபடியே கத்தியது எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்காதது நல்லதுதான்.

மறுநாள் மாலை அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து, கணவன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏங்க, அம்மா கேக்கறாங்க. மத்தியானம் நிலம் ஆடின மாதிரி இருந்துச்சாம், அலமாரில தட்டெல்லாம் விழுந்துடுச்சாம். உங்க பக்கமும் ஆடுச்சான்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

மத்தியானமும் அவர் வண்டியைக் கிளப்பிப் பார்த்திருந்தார். இரண்டு தெரு தள்ளித் தட்டு விழுகிற அளவுக்கா என்று திகைத்துப்போனார். வெளியே அசடு வழிந்தாலும், உள்ளே எங்கோ ஒரு மூலையில், எஞ்சினுக்கு அவ்வளவு தெம்பு இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்றார். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா என்றும் கேட்டுக்கொண்டார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். இப்போதெல்லாம் வீட்டில் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லையாம். சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாராம். ஓய்வு பெற்ற பிறகு இப்போதுதான் வீட்டில் நிம்மதி என்று அம்மா பூரித்துப்போய்ச் சொன்னதாக மனைவி சொன்னாள்.

டெய்லருக்கு வீட்டிலும் நிம்மதி இல்லை, கொட்டகையிலும் இல்லை. ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. புது ஷாஃப்ட் செய்ய நேரமில்லை. இரவுச் சாப்பாட்டில் கைவைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தபோது அவருக்குத் திடீரென்று வழி பிறந்தது. சட்டை உடம்புக்குச் சரிப்படாவிட்டால் எல்லா டெய்லர்களும் சட்டையைத்தான் திருத்துகிறார்கள். உடம்பைத் திருத்தினால் என்ன? ஒட்டை வெட்டி எறிந்துவிட்டுக் குட்டை ஷாஃப்டையே மறுபடி போடவேண்டியது. எட்டாத ஆக்சிலைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்துவிடவேண்டியது.

ஆக்சிலை நகர்த்தவேண்டுமென்றால், அது ஸ்பிரிங்கில் உட்காருகிற இரும்புத் தட்டுகளை அறுத்தெடுத்து வேறு இடத்தில் வெல்டிங் செய்யவேண்டும். இடம் துல்லியமாக இருக்கவேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே முறையைக் கையாண்டார். பழுப்புக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஆக்சிலின் வயிற்றில் காகிதத்தை ஒட்டவைத்து, தட்டுகள் வரவேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் வரைந்தார். அருமையான பேட்டர்ன். பிறகு ஆக்சிலைக் கழற்றி வெளியே எடுத்துவந்து, தரையில் வைத்து, காகிதத்தை அதன்மேல் விரித்து, கோடு மாறாமல் வெல்டிங் செய்தார்.

காகிதத்தில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று அவர் குறித்துத்தான் வைத்திருந்தார். ஆக்சிலில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று ஆக்சில்தான் குறித்து வைத்திருக்கவில்லை.

எப்படியோ, பூட்டியபோது எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இந்தமுறை தரையில் இறக்கிவைத்துத்தான் அளந்தார். ஷாஃப்ட் இரண்டு பக்கமும் சுகமாக உட்கார்ந்தது. எஞ்சினைக் கிளப்பி, பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, கியரைப் போட்டார். சக்கரங்கள் இரண்டும் பூப்போலச் சுற்றின. குண்டூசி ஒன்றுகூட அசையவில்லை.

மாமனார் வந்து பார்த்தார். வண்டியின் அடியில் தலையைவிட்டு வெகுநேரம் பார்த்தார். ஆக்சிலுக்கு நடுவில் இருக்கும் அந்த இரும்பு உருண்டையிலிருந்து எண்ணெய் வடிக்கும் வழியெல்லாம் கீழ்ப்பக்கம்தானே இருக்கும், இங்கே உச்சந்தலையில் இருக்கிறதே என்று கேட்டார். டெய்லரும் அதைக் கவனித்திருந்தார். நகர்த்தியதில் அப்படி ஒரு சௌகரியம் அமைந்துவிட்டது, இனிமேல் குனியாமல் எண்ணெய் ஊற்றலாம் என்றார்.

"பரவாயில்லை மாப்பிள்ளை. இது நல்ல யோசனை. அந்தத் தட்டுக்கு நடுவுல எவ்வளவு விட்டிருக்கீங்க?"

மாமனார் வாயிலிருந்து நல்ல யோசனை என்று ஒரு வார்த்தை வந்தது கல்யாணமான பிறகு இதுதான் முதல்தடவை. டெய்லருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அளவைச் சொன்னதோடு நிற்காமல், பழுப்புக் காகித பேட்டர்னையே எடுத்து விரித்துக் காட்டினார். மாமனார் அதை ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று மடித்து எடுத்துக்கொண்டார். தன் வேலையை ஒரு பெரியவர் மதித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறார் என்பதில் டெய்லருக்குக் கண் கலங்கியது. நல்லவேளை, மனைவி பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, வண்டியின் எடையைக் கண்ணாலேயே போட்டுக்கொண்டிருந்தார். கடைசல்காரர் சைக்கிளோடு வந்து ஓரமாக நின்றார். கடைக்குள்ளே, அளவு பார்க்கும் அறையில், பல் டாக்டர் ஒருவர் பாதி தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு ஒழிவு.

வராதவர் மாமனார் மட்டும்தான். நாள் குறித்தவர் அவர், மேட்டைக் காட்டியவர் அவர். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்கள். தோற்றுவிடுவோம் என்று பயந்து வராமலே இருந்துவிட்டாரோ என்று டெய்லர் நினைத்தார். அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டார். மனைவி, ஆரம்பித்துவிடுங்கள், அப்பா நேராக மேட்டுக்கே வந்தாலும் வருவார் என்றாள்.

வண்டி தெருவைப் பார்த்து நின்றிருந்தது. முதுகு கடைப் பக்கம். டெய்லர் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது. எதிரே நின்றவர்களுக்கு விலகி நிற்கும்படி கையைக் காட்டினார். முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார்.

விலகி நின்றவர்கள் விலகியிருக்கத் தேவையில்லை. வண்டி பின்னால் போனது.

பிளைவுட் தடுப்பு அப்பளமாக நொறுங்கியது. அளவு பார்க்கும் அறையின் திரை வண்டியின் பின்பக்கத்தில் போர்வையாக விழுந்தது. பல் டாக்டர் கால்சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெட்டுமேசைமேல் ஏறி நின்றார். அவர் அவ்வளவு உயரம் தாண்டுவார் என்று அவருக்கே தெரியாது.

டெய்லர் பிரேக்கை மிதித்தார். கியர் தப்பாக விழுந்திருக்கிறது என்று நினைத்து இரண்டாவது கியரைப் போட்டார். வண்டி இன்னும் கொஞ்சம் வேகமாகப் பின்னால் போய், பல் டாக்டர் நின்றிருந்த மேசையைச் சுவரோடு சேர்த்து வைத்தது. மூன்றாவதைப் போடப்போனவரை மேசைமேலிருந்து டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார்.

கடைசி நம்பிக்கையாக ரிவர்ஸைப் போட்டார். வண்டி சாதுவாக, மெதுவாக, முன்னால் நகர்ந்து கொட்டகைக்குத் திரும்பி வந்தது. திரையும் கூடவே வந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எண்ணெய் வடிக்கும் வழி உச்சந்தலைக்கு வந்தது சௌகரியத்தால் அல்ல, ஆக்சிலே தலைகீழாகப் பூட்டப்பட்டதால். மல்லாந்து படுத்து வரைந்த பேட்டர்னைக் குனிந்து நின்று விரித்ததில் மேல் கீழாகி, கீழ் மேலாகிவிட்டது. சக்கரங்கள் பூப்போலச் சுற்றுவதைத்தான் எல்லோரும் பார்த்தார்களே தவிர, எந்தப் பக்கம் சுற்றுகின்றன என்று ஒருவரும் பார்க்கவில்லை. முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நான்கு. உலகத்தில் பின்வாங்குவதற்கென்றே இத்தனை வசதிகளோடு செய்யப்பட்ட வண்டி இதுவாகத்தான் இருக்கும்.

பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியை நிமிர்த்தினார். அவர்மேல் தப்பில்லை, கூப்பிட்டதற்கு வந்தவர். டெய்லர் இறங்கி, தான் தைத்த இருக்கையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மனைவி உடைந்த தடுப்பைப் பார்த்தாள். கிழிந்த திரையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால் அவர்மேல் ஒரு பிரியம் வந்தது. இவ்வளவு பெரிய தப்பை இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய இந்த ஒரு மனுஷரால்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்பா மேட்டுல ஏறணும்னு சொன்னாரே தவிர, முகத்தைக் காட்டிக்கிட்டு ஏறணும்னு சொல்லலையே" என்றாள்.

டெய்லர் நிமிர்ந்தார்.

அடுத்தது வேகமாக நடந்தது. பக்கத்து இருக்கையின் போல்ட்டுகளைக் கழற்றி, இருக்கையைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் பூட்டினார்கள். தேய்ந்த காலரைத் திருப்பித் தைத்துப் புதுசாக்குகிறவருக்கு இதெல்லாம் பெரிய வேலையில்லை. அதில் மனைவி ஏறி உட்கார்ந்தாள். தெருவில் முன்பக்கமாக ஒரே கியரில் ஊர்ந்து மேட்டடிக்குப் போனார்கள். கூட்டம் நடந்தே வந்து முந்திக்கொண்டு நின்றது. பல் டாக்டரும் பாதிக் கால்சட்டையோடு வந்திருந்தார். இடுப்பில் சுண்ணாம்புக் கோடுகள் அப்படியே இருந்தன. இவ்வளவு நடந்த பிறகு முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போகமுடியாது என்றார்.

மேட்டுக்கு முதுகைக் காட்டி வண்டியை நிறுத்தினார்கள். டெய்லர் முதல் கியரைப் போட்டார். வண்டி பின்பக்கமாக மேட்டில் ஏற ஆரம்பித்தது.

அவருக்கு வழி தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் ஒடியுங்கள், அந்தப் பக்கம் ஒடியுங்கள், கல் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது என்று அவள் சொல்லச் சொல்ல அவர் திருப்பினார். அவள் சொல்கிற இடது அவருக்கு வலது என்பதை இரண்டு புதர்கள் செத்த பிறகு புரிந்துகொண்டார்கள். பாதி மேட்டில் சக்கரம் மணலில் சறுக்கியது. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. பழைய இரும்புக்காரர்கூடத் தன் பிழைப்பை மறந்து, விடாதீங்க, மிதிங்க என்று முனகினார். டெய்லர் மிதித்தார். ஷாஃப்ட் ஒருமுறை முனகி, பிறகு தன் கடமையைச் செய்தது. வண்டி முதுகை முன்னால் வைத்துக்கொண்டு உச்சியில் போய் நின்றது.

கீழே கைதட்டினார்கள். மேலே டெய்லர் எஞ்சினை நிறுத்திவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் கொட்டகையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள், ஆனால் தடுப்பை மட்டும் இன்றைக்கே கட்டித்தரவேண்டும் என்றாள். அவருக்கு அந்த நேரத்தில் ஒரு மாளிகையே கட்டித்தரவேண்டும்போல இருந்தது. ஒரே ஒரு குறைதான். பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை. நாளைக்கு வந்து, நான் கண்ணால் பார்க்கவில்லையே மாப்பிள்ளை என்று மாமனார் சொன்னால் என்ன செய்வது?

வண்டியை இறக்கிக் கீழே கொண்டுவந்தபோது, தண்ணீர்த்தொட்டிப் பக்கமிருந்து மாமியார் வேகவேகமாக வருவது தெரிந்தது. தலை கலைந்திருந்தது. புடவையிலெல்லாம் சுண்ணாம்பும் செங்கல் தூளுமாக இருந்தது. அவரைக் கண்டதும் கடைசல்காரர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டெய்லர் இறங்கி ஓடினார். மாமா எங்கே அத்தை, மாமா பார்க்கவில்லையே, வண்டி ஏறிவிட்டது, இத்தனை பேர் சாட்சி இருக்கிறார்கள், பின்பக்கமாக ஏறினாலும் ஏறியது ஏறியதுதானே என்று படபடவென்று சொன்னார். மாமியார் காதில் பாதிதான் விழுந்தது. ஆனால் அந்தப் பாதியைக் கேட்டதும் அவர் முகத்தில் உயிர் வந்தது. வண்டியை ஒருமுறை பார்த்தார். மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, முன்னாடி வர்றதுக்கு எந்த கியரைப் போடணும்னு சீக்கிரம் சொல்லுங்க. உங்க மாமா அவரோட வண்டியோட காலையிலேருந்து என் சமையலறைக்குள்ளயே உட்கார்ந்திருக்கார்."